சீனப் பெருஞ்சுவர்: சீரமைத்த பகுதிக்கா, சிதிலமான பகுதிக்கா? வடசென்னையிலிருந்து போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாரிமுனை, பர்மா பஜார், பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்திலிருந்து சரக்கு எடுக்கக் குவாங்சோவுக்கும் யீவூவுக்கும் போய்வருகிறவர்கள் நிறையப் பேர். வேலை முடிந்து கையில் ஒன்றிரண்டு நாள் மிஞ்சினால், பெய்ஜிங் போய்ப் பெருஞ்சுவரையும் பார்த்துவிடலாமே என்று ஆசை வரும். குடும்பத்தோடு சுற்றிப் பார்க்கவே போகிறவர்களும் இப்போது உண்டு. அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சுவரின் வரலாறு முழுவதும் இதில் இல்லை. எந்தப் பகுதிக்குப் போவது, எதற்குப் போகக்கூடாது, அங்கே போய் எதைக் கவனிப்பது என்பதுதான் விஷயம்.

பெருஞ்சுவர் என்பது ஒரே சுவர்தானே? எங்கே ஏறினாலும் ஒன்றுதானே?

இல்லை. பல அரச வம்சங்கள் பல நூற்றாண்டுகளில் வெவ்வேறு இடத்தில் கட்டிய சுவர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பெயர். சீன அரசு எல்லாவற்றையும் அளந்து 2012-இல் வெளியிட்ட மொத்த நீளம் 21,196 கிலோமீட்டர். கி.மு. 221-இல் சீனாவை ஒன்றாக்கிய சின் ஷி ஹுவாங் கட்டியதாக நாம் பள்ளியில் படித்தோமே, அந்தச் சுவர் பெரும்பாலும் மண்சுவர். அதில் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். படங்களில் பார்க்கும் கல்லும் செங்கலுமான சுவர் மிங் வம்சக் காலத்தது, அதாவது 1368-க்கும் 1644-க்கும் இடைப்பட்டது. அது மட்டும் 8,851 கிலோமீட்டர். அதிலும் கட்டிய சுவர் 6,259 கிலோமீட்டர்தான். மீதியில் பெரும்பங்கு மலையும் ஆறும்; எதிரி ஏற முடியாத செங்குத்துப் பாறை இருந்த இடத்தில் அதையே அரணாக விட்டுவிட்டார்கள். கொஞ்சம் அகழி.

மேற்கே பாலைவனத்தை நெருங்க நெருங்கச் செங்கல் மறைந்து மண்ணை இடித்துக் கெட்டித்த சுவராக மாறிவிடும். மிங் சுவரின் மேற்கு முனையான ஜியாயுகுவான் கோட்டை 1372-இல் தொடங்கியது. அதற்குத் தனியாக ஒரு பயணம் வேண்டும். இங்கே நான் பேசப்போவது பெரும்பாலும் பெய்ஜிங்கைச் சுற்றியுள்ள பகுதிகளைப் பற்றி.

சீரமைத்த பகுதிக்கும் சீரமைக்காத பகுதிக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுமா?

நன்றாகவே தெரியும். சீரமைத்த இடத்தில் தளம் சமமாக இருக்கும், செங்கல் இடுக்குகளில் சாந்து நிறைந்திருக்கும், காவல் கோபுரத்துக்குக் கூரை இருக்கும். செங்குத்தான இடங்களில் பிடித்துக்கொண்டு ஏறக் கம்பியும் போட்டிருப்பார்கள்.

சீரமைக்காத இடத்தில் முதலில் கண்ணில் படுவது மரம். சுவரின் தளத்திலேயே செடியும் மரமும் முளைத்து வேர் விட்டிருக்கும். அம்பு எய்யும் இடைவெளி விட்டுக் கட்டிய கைப்பிடிச்சுவர் ஒரு பக்கம் சரிந்து, நடக்கிற பாதை பள்ளத்தாக்கை ஒட்டித் திறந்து கிடக்கும். கோபுரத்தின் மேல்தளம் விழுந்து உள்வளைவு மட்டும் நிற்கும். காலடியில் உதிரிக் கல், வழுக்கும்.

ஆனால் சுவர் எப்படிக் கட்டப்பட்டது என்பது இடிந்த இடத்தில்தான் புரிகிறது. உடைந்த வாயருகே நின்று பாருங்கள். வெளியே இரண்டு பக்கமும் செங்கல் அல்லது செதுக்கிய கல், அடியில் பெரிய கல் அடித்தளம். உள்ளே முழுக்கக் கல்லும் மண்ணும் போட்டு இடித்த நிரப்பு. முழுச்சுவரும் செங்கல் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்கும். சிதைவு எப்படித் தொடங்குகிறது என்பதும் அங்கேயே தெரியும். மழைத் தண்ணீர் வடியச் சுவரில் கல்தூம்பு வைத்திருப்பார்கள். அதை மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் நிரப்புக்குள் இறங்கும். பெய்ஜிங் குளிரில் அது உறைந்து விரியும், செங்கல் தோலைத் தள்ளும். அடுத்த ஆண்டு விரிசல், அப்புறம் வேர், அப்புறம் சரிவு.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே போவது?

மூதியான்யூ. பெய்ஜிங் நகர மையத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர், ஹுவைரோ மாவட்டத்தில். திறந்திருக்கும் பகுதியில் 1 முதல் 23 வரை எண் போட்ட கோபுரங்கள். கேபிள் காரில் ஏறினால் 14-ஆம் கோபுரத்தில் இறங்கலாம். திறந்த நாற்காலி போன்ற இன்னொரு லிஃப்ட் 6-ஆம் கோபுரத்தில் விடும். இறங்கும்போது அங்கிருந்தே சறுக்குவண்டியில் கீழே வரலாம், பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். மற்ற இடங்களில் எதிரி வரும் பக்கம் மட்டும் அம்பு இடைவெளி இருக்கும், இங்கே சுவரின் இரண்டு பக்கமும் இருக்கிறது. சுற்றிலும் காடு.

இதை நான் முதலில் சொல்வதற்குக் காரணம், சீரமைத்ததையும் சீரமைக்காததையும் ஒரே நாளில் கண்ணால் ஒப்பிட முடிவதுதான். 14-இல் இறங்கி 20-ஆம் கோபுரத்தை நோக்கி நடங்கள். கடைசி ஏற்றம் நூற்றுக்கணக்கான படிகளோடு நன்றாகவே செங்குத்தாக இருக்கும், நிதானமாக ஏறினால் போதும். மேலே போய் மேற்கே பார்த்தால், சீரமைக்காத சுவர் மலை முகட்டில் உடைந்தும் வளைந்தும் ஏறிப் போவது தெரியும். அதுதான் ஜியான்கோ என்ற பகுதி. 23-க்கு அப்பால் போகாதீர்கள் என்று பலகை வைத்திருப்பார்கள். போகவேண்டாம்.

எல்லாரும் படாலிங் என்கிறார்களே, அது வேண்டாமா?

வயதானவர்களோடு போனால் அதுவே வசதி. பொதுமக்களுக்கு முதலில் திறந்த பகுதி அதுதான், 1957-இல். 2019 டிசம்பரிலிருந்து அதிவேக ரயில் போகிறது. ரயில் நிற்கிற நிலையம் தரைக்குக் கீழே 100 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் இருக்கிறது, அதைப் பார்ப்பதே ஓர் அனுபவம். பாதை அகலம், கேபிள் கார் உண்டு. குறை கூட்டம்தான். ஒரு நாளைக்கு 65,000 பேர் என்று 2019-இல் உச்சவரம்பு வைக்கவேண்டி வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாளில் போனால் சுவர் தெரியாது, முன்னால் போகிறவர் முதுகுதான் தெரியும். அங்கே நாம் தொடுவதும் பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியதுதான்.

இரண்டு நாள் இருந்தால்?

இரண்டாம் நாளை யோசிக்காமல் ஜின்ஷான்லிங்குக்குக் கொடுங்கள். இந்தப் பக்கத்தில் நான் மனதார வற்புறுத்துவது இந்த ஒன்றைத்தான்.

பெய்ஜிங்கிலிருந்து வடகிழக்கே சுமார் 130 கிலோமீட்டர், ஹெபெய் மாகாணத்தில் இருக்கிறது. தூரம் அதிகம் என்பதால் கூட்டம் குறைவு. திறந்திருக்கும் நீளம் சுமார் 10 கிலோமீட்டர், 67 கோபுரங்கள். ஒரு பகுதியைச் சீரமைத்திருக்கிறார்கள், ஒரு பகுதியை விழாமல் முட்டுக்கொடுத்து அப்படியே விட்டிருக்கிறார்கள். சட்டப்படி டிக்கெட் வாங்கிக்கொண்டு, பழைய செங்கல்லின் மேல் பயமில்லாமல் நடக்க இதைவிட நல்ல இடம் பெய்ஜிங் பக்கத்தில் இல்லை. சீரமைத்த பகுதியில் ஏறிக் கிழக்கே நடக்க நடக்க, தளம் கரடாகி, கோபுரங்கள் கூரை இழந்து, சுவர் தன் வயதைக் காட்டத் தொடங்கும்.

இந்தச் சுவரைக் கட்டுவித்தவர் ச்சீ ஜிகுவாங் என்ற தளபதி. தெற்கே கடற்கொள்ளையர்களை அடக்கிப் பெயர் வாங்கியவர். 1560-களின் கடைசியில் வடக்கு எல்லைக்கு அனுப்பப்பட்டார். அதுவரை காவல்காரர்கள் வெயிலிலும் பனியிலும் வெறும் சுவர்மேல் நின்றார்கள். உள்ளே ஆள் தங்கவும் தானியமும் ஆயுதமும் வைக்கவும் இடமுள்ள கோபுரங்களை வரிசையாகக் கட்டியது அவர் காலத்தில்தான்.

அங்கே இரண்டு விஷயங்களைத் தேடிப் பாருங்கள். ஒன்று, கோபுரத்துக்கு ஏறும் செங்குத்துப் படிகளில் பாதையின் குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குட்டிச் சுவர்கள். ஒவ்வொன்றிலும் அம்போ துப்பாக்கியோ நீட்டத் துளை. எதிரி சுவர்மேலேயே ஏறிவிட்டாலும், ஒவ்வொரு குட்டிச் சுவருக்குப் பின்னாலும் மறைந்து சண்டை போட்டுக்கொண்டே காவலர்கள் கோபுரத்துக்குப் பின்வாங்கலாம். வழிகாட்டி சொல்லாவிட்டால் அதைச் சும்மா இடிந்த திண்டு என்று தாண்டிப் போய்விடுவோம்.

இன்னொன்று, எழுத்துப் பொறித்த செங்கற்கள். செய்த ஆண்டும் செய்த படைப்பிரிவின் பெயரும் செங்கல்லின் விளிம்பில் அச்சாகப் பதிந்திருக்கும். வான்லி பேரரசரின் 5-ஆம், 6-ஆம் ஆட்சியாண்டுகள், அதாவது 1577, 1578 என்று குறித்தவை அங்கே இருக்கின்றன. தரம் குறைந்தால் யாரைக் கேட்பது என்பதற்கான ஏற்பாடு அது. திருவொற்றியூர் கோயிலில் ராஜேந்திர சோழன் காலத்து ஆதிபுரீசுவரர் விமானத்தைக் கருங்கல்லில் கட்டிய வீரசோழத் தச்சன் ரவியின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. அதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தச் செங்கல்லின் முன்னால் நிற்கும்போது மனசு கொஞ்சம் நின்று போகும். கையை மட்டும் வைக்காதீர்கள். ஆயிரம் விரல் பட்டால் எழுத்து மழுங்கிவிடும்.

யூடியூபில் ஜியான்கோ என்று ஓர் இடம் காட்டுகிறார்கள். அங்கே போகலாமா, அண்ணா?

தம்பி, வேண்டாம். வெள்ளைப் பாறை முகட்டில் சுவர் கத்தி முனைபோல ஏறி இறங்கும் அந்தக் காட்சி அழகுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது பொதுமக்களுக்குத் திறக்காத பகுதி. ஏறுகிற இடங்களில் தடைப் பலகை இருக்கும். 2006 டிசம்பரில் அமலுக்கு வந்த பெருஞ்சுவர் பாதுகாப்பு விதிகளின்படி, திறக்காத பகுதிக்கு ஆள் கூட்டிக்கொண்டு போவது குற்றம், அபராதம் உண்டு. அடிவாரத்தில் யாராவது "நான் கூட்டிப் போகிறேன்" என்றால் அவரும் மாட்டுவார், நீங்களும் மாட்டுவீர்கள்.

அபராதத்தைவிடப் பெரிய காரணங்கள் இரண்டு. சில இடங்களில் படிகள் முற்றிலும் உதிர்ந்து, கையை ஊன்றிப் பாறை ஏறவேண்டியிருக்கும். விழுந்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். கோடை இடிமழையில் அந்த முகட்டில் மாட்டினால் ஒதுங்க இடமில்லை. அடுத்து, நம் கால் படுகிற ஒவ்வொரு முறையும் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் செங்கல் ஒன்று நகரும். 450 ஆண்டுகள் நின்றதை ஒரு வீடியோவுக்காக நாம் தள்ளிவிட வேண்டியதில்லை. மூதியான்யூவின் 20-ஆம் கோபுரத்திலிருந்து பாருங்கள். அல்லது அடிவாரக் கிராமத்திலிருந்தே அண்ணாந்து பாருங்கள், அந்த மலைவரிசை முழுவதும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

சீரமைப்பது நல்ல காரியம்தானே? அதற்கு ஏன் எதிர்ப்பு வந்தது?

எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. லியாவ்னிங் மாகாணத்தில் சியாவ்ஹெகோ என்ற பகுதி, சீரமைக்காமல் விட்ட சுவர்களிலேயே அழகானது என்று பெயர் வாங்கியது. அதைச் சீரமைக்கிறோம் என்று சுவரின் மேற்பரப்பு முழுவதையும் சமமாக மூடிப் பூசிவிட்டார்கள். படிகளும் உடைந்த விளிம்பும் மறைந்து, தெருவோர நடைபாதை போல ஆகிவிட்டது. 2016-இல் அந்தப் படம் வெளியே வந்ததும் சீனாவிலேயே பெரிய கொந்தளிப்பு. அது சிமென்ட் இல்லை, சுண்ணாம்பும் மணலும் மண்ணும்தான் என்று அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். எந்தப் பொருளானால் என்ன, போன முகம் போனதுதான்.

நமக்கு இது புதிதல்ல. கும்பாபிஷேகத்துக்காக மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுத்தம் செய்து (சாண்ட் பிளாஸ்டிங்) கல்வெட்டு மழுங்கிப்போன கோயில்கள் நம் பக்கம் எத்தனை! சுத்தமாக, பளிச்சென்று இருக்கும். படிக்கத்தான் ஒன்றும் இருக்காது.

மறுபக்கமும் இருக்கிறது. ஜியான்கோவில் 2016-க்குப் பிறகு நடந்த வேலையை நல்ல உதாரணமாகச் சொல்கிறார்கள். லாரி போகாத மலை என்பதால் செங்கல்லையும் சுண்ணாம்பையும் கோவேறு கழுதை முதுகில் ஏற்றினார்கள். விழுந்து கிடந்த பழைய செங்கல்லை முடிந்தவரை எடுத்துத் திரும்ப வைத்தார்கள். புதிதாக வேண்டியதைப் பழைய அளவிலேயே செய்தார்கள். விழப்போவதை மட்டும் பிடித்து நிறுத்தினார்கள், விழுந்துவிட்டதை எழுப்பிப் புதுச்சுவர் ஆக்கவில்லை. பழைய செங்கல்லுக்குப் பழைய சுண்ணாம்புச் சாந்துதான் பொருந்தும் என்பதை ஜார்ஜ் டவுனில் பழைய வீடு பழுது பார்த்த எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் சொல்வார். சிமென்ட் செங்கல்லைவிடக் கடினம், ஈரத்தை வெளியே விடாது. ஈரம் செங்கல் வழியே வரப் பார்க்கும், செங்கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும்.

செடியைக்கூட எல்லா இடத்திலும் பிடுங்கிவிடக் கூடாதாம். மேற்குப் பகுதியின் மண்சுவர்மேல் படிந்திருக்கும் பாசியும் மரப்பாசியும் மழை, காற்று அரிப்பிலிருந்து சுவரைக் காக்கின்றன என்று 2023-இல் வந்த ஆய்வு சொல்கிறது. மரவேர் எதிரி, பாசி காவல்.

என் கருத்து: எல்லாப் பகுதியையும் புதுசாக்கக் கூடாது, எல்லாவற்றையும் விழட்டும் என்று விடவும் கூடாது. ஓரிரு இடத்தை முழுமையாகக் கட்டிக் காட்டினால், காவலுக்கு நின்றவன் எதைப் பார்த்தான் என்பது பிள்ளைகளுக்குப் புரியும். மற்றவற்றைப் பிடித்து நிறுத்தினால் போதும்.

சாந்தில் சோறு கலந்தார்களாமே, உண்மையா?

உண்மை. சாப்பாட்டுச் சோறு அப்படியே இல்லை, பசையரிசிக் கஞ்சி. மிங் காலத்துக் கட்டடங்களில் சுண்ணாம்போடு அதைச் சேர்த்தார்கள். பழைய சாந்தை எடுத்துச் சோதித்த செஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் விளக்கம் கொடுத்தார்கள். அரிசியின் மாவுப்பொருள் சுண்ணாம்பு இறுகும்போது உருவாகும் படிகங்களைப் பெரிதாக வளரவிடாமல் நுண்ணியதாக, நெருக்கமாக வைத்துக்கொள்கிறது. அதனால் சாந்து கெட்டிப்படுகிறது, தண்ணீர் புகுவதில்லை. நம் ஆட்கள் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்ததும் இதே மாதிரியான கைப்பக்குவம்தான்.

சுவருக்குள் வேலையாட்களைப் புதைத்தார்கள் என்கிறார்களே?

கட்டும்போது ஏராளமானோர் இறந்தார்கள் என்பது வரலாறு. சுவருக்குள்ளேயே புதைத்தார்கள் என்பதற்கு அகழாய்வில் ஆதாரம் இல்லை. கணவனை இழந்த மெங் ஜியாங் அழுத கண்ணீரில் சுவர் இடிந்தது என்ற நாட்டுப்புறக் கதை அங்கே எல்லாருக்கும் தெரியும், அதிலிருந்து வந்த நம்பிக்கை இது.

நிலாவிலிருந்து தெரியுமா?

தெரியாது. சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய் 2003-இல் பூமியைச் சுற்றி வந்துவிட்டு, தனக்குச் சுவர் தெரியவில்லை என்று அவரே சொன்னார். அவர் போனது நிலாவுக்குப் பக்கத்தில்கூட இல்லை.

நம்ம ஊரில் இதுபோலப் பார்க்க ஏதாவது இருக்கிறதா? பிள்ளைகளுக்கு முன்கூட்டியே காட்டலாம் என்று பார்க்கிறேன்.

இருக்கிறது, நடந்தே போகலாம். பழைய ஜெயில் ரோட்டில், பாரதி மகளிர் கல்லூரிப் பக்கம் மாடிப் பூங்கா. பலர் அதன் படி ஏறிப் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வருவார்கள், தாங்கள் உட்கார்ந்தது சென்னை நகரின் பழைய மதில்மேல் என்று தெரியாமலே.

1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். திரும்பக் கிடைத்த பிறகு 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து முற்றுகை போட்டார். 1769-இல் ஹைதர் அலியின் குதிரைப்படை ஊர் வாசல் வரை வந்துவிட்டது. அந்தக் காலகட்டத்துப் பயத்தில், அன்று கறுப்பர் நகரம் என்று அழைக்கப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுனுக்கு வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பினார்கள். ஒப்பந்தக்காரர் பால் பென்ஃபீல்டு. 1772 வாக்கில் வேலை முடிந்தது. மதிலுக்காக மக்கள்மேல் போட நினைத்த வரியின் பெயரில்தான் வால்டாக்ஸ் ரோடு. மதிலின் வாசல்களில் ஒன்றின் பெயரில் யானைகவுனி. 19-ஆம் நூற்றாண்டில் ஊர் பெருக்க மதிலை இடித்துவிட்டார்கள். மிஞ்சிய துண்டுதான் மாடிப் பூங்காவுக்கு அடியில் இருக்கிறது.

பிள்ளைகளைக் கூட்டிப் போனால் மேலே ஏறும் முன் கீழே நின்று சுவரின் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே பழைய செங்கல், எங்கே புதுப்பூச்சு, எங்கே வேர் நுழைந்திருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். வெள்ளையடித்துப் பூங்கா ஆக்கியதால் நின்றது, அதனாலேயே மறந்தும் போனது. ராயபுரம் ரயில் நிலையத்தையும் சேர்த்துக் காட்டுங்கள். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இடம். நாளாகப் பாழாய்க் கிடந்து, 2005-இல் புதுப்பித்துத் திறந்தார்கள். ஒரே பேட்டையில் இரண்டு விதமான பராமரிப்பும் கிடைக்கிறது.

அப்பாவுக்கு முழங்கால் வலி. ஏற முடியுமா?

திருத்தணி 365 படி ஏறி இறங்குகிறவர் என்றால் மூதியான்யூவில் கேபிள் காரில் ஏறி, 14-இலிருந்து இரண்டு மூன்று கோபுரம் நடந்து திரும்பிவிடலாம். ஒரு விஷயம் மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கோயில் படி போல ஒரே சீரான உயரம் இருக்காது. ஒரு படி சாண் உயரம், அடுத்தது முழங்கால் உயரம். இறங்கும்போதுதான் வலி தெரியும். நல்ல பிடிமானமுள்ள ஷூ போடுங்கள், செருப்பு வேண்டாம். சக்கர நாற்காலி தேவைப்படுகிறவர்களுக்குப் படாலிங்தான் ஓரளவு ஒத்துவரும்.

எந்த மாசம் போவது?

செப்டம்பர் கடைசி, அக்டோபர் நடு முதல் கடைசி வரை. வானம் தெளிவு, காட்டில் இலை சிவக்கும். ஏப்ரல், மே மாதங்களும் நன்று. அக்டோபர் 1-இலிருந்து ஒரு வாரம் அவர்களுக்குத் தேசிய விடுமுறை, மே மாத முதல் நாட்களும் அப்படித்தான்; இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் மழையும் புழுக்கமும். ஜனவரியில் பனி போர்த்திய சுவர் கண்கொள்ளாக் காட்சிதான், ஆனால் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போகும், முகட்டுக் காற்று காதைக் கடிக்கும். மார்கழிக் குளிருக்கே மப்ளர் கட்டுகிற நாம் அதற்குத் தகுந்த துணியோடு போகவேண்டும்.

போன், பணம், டிக்கெட் எல்லாம் எப்படி?

இங்கேயிருந்தே செய்துகொண்டு போங்கள். அங்கே வாட்ஸ்அப்பும் கூகுள் மேப்ஸும் சாதாரணமாக வேலை செய்யாது. கடைக்காரர் முதல் டாக்ஸி வரை அலிபே அல்லது வீசாட்டில்தான் வாங்குகிறார்கள், நம்ம ஊர் கார்டை அதில் முன்பே இணைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் ரொக்க யுவானும் வைத்திருங்கள். சுவர் டிக்கெட்டை ஆன்லைனில் முன்பதிவு செய்வதே நல்லது. பாஸ்போர்ட் எண் கேட்பார்கள், அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கவேண்டும். ஓட்டலின் பெயரைச் சீன எழுத்தில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூதியான்யூவுக்குப் பேருந்து மாறிப் போகிறவர்கள் ஹுவைரோவில் கவனம். சுவருக்கு இங்கேதான் இறங்கவேண்டும் என்று சொல்லி முன்னாலேயே இறக்கித் தங்கள் வண்டியில் ஏற்றப் பார்ப்பார்கள். நிறுத்தத்தின் பெயரைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

ஒரு சின்னச் செங்கல் துண்டு ஞாபகத்துக்கு எடுத்து வரலாமா?

கூடவே கூடாது. எடுப்பது, கீறுவது, பெயர் பொறிப்பது எல்லாமே சட்டப்படி தண்டனைக்குரியவை. ஒரு காலத்தில் சுற்றுக் கிராமத்தார் வீடு கட்டவும் தொழுவம் கட்டவும் செங்கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். வறுமை, யாரும் தடுக்கவில்லை. இப்போது அப்படியில்லை. 2023-இல் ஷான்சி மாகாணத்தில் இரண்டு பேர் குறுக்குவழி வேண்டும் என்று மண்வெட்டும் இயந்திரத்தை வைத்துச் சுவரையே தோண்டிவிட்டார்கள், கைது செய்யப்பட்டார்கள். சின்னத் துண்டுதானே என்று ஒவ்வொருவரும் நினைத்தால் அதே பள்ளம்தான், கொஞ்சம் மெதுவாக விழும்.

காசிமேட்டுக்காரன் நான். சுவர் கடலில் இறங்கும் இடம் ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. பெய்ஜிங்கிலிருந்து கிழக்கே சுமார் 300 கிலோமீட்டரில் ஷான்ஹாய்குவான். அங்கே சுவரின் முனை போஹாய் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும், லாவ்லொங்தோ என்பார்கள். ரயிலில் போய்வர ஒரு நாள். கடல் வழியாகச் சுற்றி வருகிற குதிரைப்படையைத் தடுக்கத் தண்ணீருக்குள்ளேயே கல் இறக்கிக் கட்டியதும் ச்சீ ஜிகுவாங் காலத்து வேலை. 1900-இல் எட்டு நாட்டுப் படைகள் சீனாவுக்குள் புகுந்தபோது இந்த முனை சிதைந்தது. அந்தப் படையில் பிரிட்டிஷ் தரப்பில் போனவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். இப்போது நாம் பார்ப்பது 1980-களில் திரும்பக் கட்டியது. பழமை தேடிப் போகாதீர்கள். அலை வந்து மோதும் இடத்தில் சுவர் முடிவதைப் பார்க்கப் போங்கள், துறைமுகத்துக் கற்கட்டைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்தக் கட்டுமானம் நன்றாகப் பிடிபடும்.

சாப்பாடு? எங்கள் வீட்டில் எல்லாரும் சைவம்.

பெய்ஜிங்கில் சமாளிக்கலாம், சுவர்ப் பக்கம் கஷ்டம். "வோ ச்சர் ஸூ" என்றால் நான் சைவம் என்று புரிந்துகொள்வார்கள், ஆனாலும் முட்டையும் இறைச்சிச் சாறும் வந்துவிடலாம். சௌகார்பேட்டைக்காரர்கள் தேப்லா ரொட்டி கட்டிக்கொண்டு போகிறார்கள். புளிக்காய்ச்சல் பாட்டிலும் பொடியும் எடுத்துப் போனால் வெறும் சோறு வாங்கிப் பிசைந்துகொள்ளலாம். அடிவாரத்தில் கடைகள் உண்டு. மேலே ஏறிவிட்டால் தண்ணீர் தவிர எதையும் எதிர்பார்க்காதீர்கள், அதுவும் விலை அதிகம். சாப்பிட்ட காகிதத்தையும் பாட்டிலையும் உங்கள் பையிலேயே கீழே கொண்டுவந்துவிடுங்கள். மேலே விட்டுவந்தால் அதை ஒருவர் இத்தனை படியும் முதுகில் சுமந்துதான் இறக்கவேண்டும்.